காலை ஏழு, மாலை ஏழு



காப்பாரிலிருந்து புறப்பட்டுப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எவ்வளவு தூரம் போய்த் திரும்பலாம் என்று உங்களில் யாராவது கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டா? நான் போட்டிருக்கிறேன். சென்ற ஓராண்டுக்கும் மேலாக அந்தக் கணக்குக்குள்தான் என் பயணங்கள் எல்லாம் நடக்கின்றன. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். என் வீட்டுப் பூனைக்கு இனிப்புநீர். காலை ஏழு மணிக்கு ஓர் ஊசி, மாலை ஏழு மணிக்கு ஓர் ஊசி. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் பொழுதுதான் எனக்கு உலகம்.

காப்பாரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலையில் வடக்கே வந்தால், பதினைந்து கிலோமீட்டருக்குள் எங்கள் ஊர் வந்துவிடும். ஒரு பக்கம் செம்பனை, ஒரு பக்கம் தொழிற்சாலை, நடுவில் ஓயாமல் ஓடும் லோரிகள். மேற்கே கடலோரத்தில் 1980-களில் எழுந்த மின்நிலையத்தின் புகைபோக்கிகள். வழி தெரியாமல் நிற்பவர்களுக்கு அவைதாம் அடையாளம். 2013-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நாட்டிலேயே அதிக வாக்காளர்களைக் கொண்ட நாடாளுமன்றத் தொகுதி காப்பார்தான். அந்தப் பெருமை தேர்தலோடு போயிற்று. பால்மரம் இருந்த காலத்தில் தோட்டத்தில் ஒரு வீட்டில் தும்மினால் பத்து வீட்டில் கேட்கும். இப்போது தோட்டத்தில் பாதி வீட்டு மனையாகிவிட்டது. மீதிப் பாதியில்தான் எங்கள் பள்ளியும், பள்ளிக்குப் பின்னால் என் வீடும் இருக்கின்றன.

பூனையின் பெயர் துரை. நாங்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் ஐந்தடியில் மகாராஜாபோல் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களைக் கண்ணால் மட்டும் விசாரிக்கிற அதன் தோரணையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாட்டி வைத்த பெயர் நிலைத்துவிட்டது. மஞ்சள் நிற ஆண் பூனை, கருத்தடை செய்தது, ஆறரைக் கிலோ எடை. பொரித்த மீனும் சோறும், பிள்ளைகள் போடும் பிஸ்கட்டும் தின்று வளர்ந்த உடம்பு.

ஒரு நாள் பார்த்தால், துரை தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு நகரவில்லை. மணல் பெட்டி தினமும் நனைந்து கட்டியாகிவிடுகிறது. தின்பதோ முன்னைவிட அதிகம். உடம்போ இளைத்துக்கொண்டே வருகிறது. பிறகு பின்னங்கால் பாதம் முழுவதும் தரையில் படியும்படி, கிழவன் செருப்பை இழுத்து நடப்பதுபோல் நடக்க ஆரம்பித்தது. கிள்ளானில் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரத்தத்தில் சர்க்கரை 24. நம்மில் வெறும் வயிற்றில் 5, 6 இருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் அல்லவா? பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும் என்பதால், சில வாரச் சராசரியைக் காட்டும் வேறொரு சோதனையும் செய்து உறுதிப்படுத்தினார்கள். கால் அப்படியானதற்கும் சர்க்கரைதான் காரணம், நரம்பு தளர்ந்துவிட்டதாம்.

பூனைக்கு வருவது பெரும்பாலும் நம் பெரியவர்களுக்கு வரும் வகையைப் போன்றதுதான். கொழுத்த, வீட்டுக்குள்ளேயே இருக்கிற, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு அதிகம் வருகிறது. புலி வம்சத்துப் பிராணிக்குச் சோறும் பிஸ்கட்டும் ஏற்ற உணவல்ல என்று வைத்தியர் சொன்னபோது எனக்குத் தலை குனிந்துவிட்டது. நேரத்தோடு ஊசி போட்டு, மாவுச்சத்தைக் குறைத்து, இறைச்சி, மீன் என்று கொடுத்தால் சில பூனைகளுக்குப் பின்னாளில் ஊசியே தேவைப்படாமல் போவதும் உண்டாம். அந்தச் ‘சில’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஒன்று நினைத்துப் பாருங்கள். 1921-இல் கனடாவில் டொரொண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாய்களை வைத்து ஆராய்ந்து கண்டதுதான் இன்சுலின். 1922 ஜனவரியில் ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். அதற்குப் பிறகு பல காலம் மாடு, பன்றியின் கணையத்திலிருந்துதான் மனிதருக்கு மருந்து எடுத்தார்கள். அந்தக் கடனில் ஒரு துளியைத்தான் இப்போது துரைக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். துரைக்குப் போடுவதும் மனிதர்களுக்காக வந்த மருந்தே. ஒரு வேளைக்கு இரண்டு யூனிட். வயிறு நிறையத் தின்ற பிறகு, தோளுக்குப் பின்னால் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, மயிரிழைபோன்ற ஊசியை நுழைத்தால் அதற்குத் தெரிவதுகூட இல்லை. எனக்குத்தான் முதல் வாரம் கை நடுங்கிற்று. என் வீட்டுக்காரரோ துறைமுகத்தில் இரவு பகலென்று மாறி மாறி வேலை பார்ப்பவர்; ஊசியைக் கண்டாலே சுவரைப் பார்த்து நிற்பவர். அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது.

இனி என் பன்னிரண்டு மணி நேர உலகத்தைச் சொல்கிறேன்.

கிள்ளான் தெங்கு கிளானா வீதி ஒன்றும் பெரிய தூரமில்லை. தீபாவளிக்குச் சேலை எடுத்து, பூ வாங்கி, வெயிலில் ஒரு சர்பத் குடித்துத் திரும்பினாலும் மாலை ஊசிக்கு இரண்டு மணி நேரம் மிச்சம். பிரிக்ஃபீல்ட்ஸ் போவதானால் கொஞ்சம் திட்டம் வேண்டும். எங்கள் ஊரில் ரயில் நிலையம் இல்லை. கிள்ளானுக்குப் போய்த்தான் கொமுட்டர் ஏறவேண்டும். கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைத்து 1886-இல் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பழைய தடத்தின் வழியாகத்தான் இன்றும் நாம் போகிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ். ஒரு காலத்தில் கோலாலம்பூரைக் கட்டச் செங்கல் சுட்ட இடம். 2010-இல் ‘லிட்டில் இந்தியா’ என்று வளைவு கட்டித் திறந்துவைத்தார்கள். வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதுகூட என் கண் கைக்கடிகாரத்தில்தான் இருக்கும். நான்கு மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

பத்து மலைக்கும் இப்படித்தான் போய் வந்தேன். 272 படிகளை மூச்சு வாங்க ஏறி, முருகனைக் கும்பிட்டு, அவனிடமே ‘ஐந்து மணிக்குள் என்னை வீட்டில் சேர்த்துவிடப்பா’ என்று வேண்டிக்கொண்டு இறங்கினேன். கெத்தாம் தீவுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் படகு ஏறலாம். தண்ணீருக்கு மேல் கம்பு நட்டுக் கட்டிய வீடுகள். கார் கிடையாது, சைக்கிள்தான். அங்கே ஒரு மீன்காரக் கிழவரிடம் துரையின் கதையை மலாயில் சொன்னேன். அவர் உப்புப் போடாத காய்ந்த மீன் ஒரு பொட்டலம் இனாமாகக் கொடுத்தார். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று மூன்று தடவை கேட்டு அவரைச் சலிக்க வைத்துவிட்டேன்.

வடக்கே கோலசிலாங்கூர். மெலாவத்திக் குன்றில் பழைய கோட்டை, பீரங்கி, கலங்கரை விளக்கம், கையில் பயற்றங்காயை வைத்திருந்தால் தோளில் ஏறி உட்காரும் சாம்பல் நிறக் குரங்குகள். அவை நல்ல குணமுள்ளவை. பத்து மலையில் இருப்பவைபோல் கைப்பையைப் பிடுங்காது. ஆனால் அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மின்மினிப் பூச்சி. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து, ஒரே தாளத்தில் மினுக்கி அணையுமாம். படகில் சத்தமில்லாமல் துடுப்புப் போட்டு அழைத்துப் போவார்கள். எப்போது? இருட்டிய பிறகு. நம் நாட்டில் பொழுது சாய்வதே ஏழு, ஏழரைக்கு. என் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தூரம். ஆனால் மின்மினி விளக்கேற்றுகிற நேரமும் துரையின் ஊசி நேரமும் ஒன்று. பிறந்தது முதல் இந்த வட்டாரத்தில் இருக்கிறேன். இன்னும் பார்த்ததில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கணக்கில்தான் தம்பியின் தொலைபேசி வந்தது. அவன் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். “அக்கா, மகள் பெரியவளாகிட்டா. சனிக்கிழமை சாயங்காலம் தண்ணி ஊத்துறோம். அத்தை இல்லாம நடக்காது, தெரியும்ல?” என்றான். தெரியாமலா? எனக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். அந்தப் பெண்ணுக்கு அத்தை நான் ஒருத்திதான்.

வெள்ளி பள்ளி முடிந்து புறப்பட்டு ஞாயிறு மாலை திரும்பினால், இடையில் நான்கு ஊசிகள். துரையைக் கூடவே தூக்கிப் போகலாமா என்றால், தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. மனிதர்களே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு போகிற இடம். ஊசி போட்ட பிறகு பூனை வாந்தியெடுத்துத் தின்னாமல் கிடந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். அது ஏறுவதைவிட ஆபத்து. காசுக்குப் பூனை பார்த்துக்கொள்ளும் இடங்கள் இரண்டில் விசாரித்தேன். ஊசி என்றதும் ஒரு இடத்தில் கையை விரித்தார்கள். இன்னொரு இடத்தில் சொன்ன தொகைக்கு மருமகளுக்கு ஒரு தோடு வாங்கலாம். வைத்தியரிடமே விடலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அடைப்பு.

மிஞ்சியது பாட்டிதான்.

பாட்டி முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். எழுபதைத் தாண்டிவிட்டார். தானும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் நாம்தான் முன்னால் நிற்கிறோம். “பத்து வருஷமா என் வயித்துல நானே குத்திக்கிறேன். பூனைக்குக் குத்த மாட்டேனா, டீச்சர்?” என்றார் பாட்டி.

இரண்டு வாரம் மாலைதோறும் ஒத்திகை. பாட்டியின் கை அபாரம். துரை அவர் மடியில் அசையாமல் கிடந்தது. ஆனால் ஊசியில் மருந்தை இழுக்கச் சொன்னபோது, ஐந்தாவது கோடு வரை இழுத்துவிட்டு ‘ரெண்டு’ என்றார். எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. வாசகர்களே, பூனையின் உடம்பு எவ்வளவு? அதற்கு ஐந்து என்பது உயிரோடு விளையாடுவது. இந்த இடத்தில் பிராணி வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்சுலின் ஊசியிலேயே இரண்டு வகை உண்டு. ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கணக்குப் போட்டது ஒன்று, 100 யூனிட் கணக்குப் போட்டது மற்றொன்று. நூறுக்கான மருந்தை நாற்பதுக்கான ஊசியில் ‘இரண்டு’ என்று இழுத்தால், உள்ளே போவது ஐந்து. மருந்துப் புட்டியில் என்ன எண்ணோ, ஊசியிலும் அதே எண் இருக்கவேண்டும்.

பாட்டி இழுத்தது ஊசிக் குழப்பத்தால் அல்ல, கண்ணால். மெதுவாக விசாரித்தேன். தன் இன்சுலின் பேனாவில் உள்ள எண்ணும் அவருக்குத் தெரிவதில்லையாம். திருகும்போது ‘டிக், டிக்’ என்று கேட்குமே, அதை எண்ணித்தான் இத்தனை நாளும் போட்டுக்கொள்கிறார். “லோரி போனா எண்ணிக்கை தவறிடும். அப்ப மறுபடியும் முதல்லருந்து திருகுவேன்” என்றார், ஏதோ வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற விஷயம்போல. சுவருக்கு அந்தப் பக்கம் இது நடந்துகொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் நான் பூனைக்குக் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாட்டியின் பேரன் என் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். கண் அவனுடையது, கை பாட்டியுடையது என்று ஏற்பாடு செய்தேன். ஊசியில் இரண்டாவது கோட்டில் சிவப்பு மையால் குறியிட்டேன். ஐஸ்பெட்டிக் கதவில் மருந்து. உறைய வைக்கும் தட்டில் வைக்கவே கூடாது. சுவர்க் காலண்டரில் ஊசி போட்டதும் ஒரு பெருக்கல் குறி. தின்றால்தான் ஊசி. தள்ளாடினாலோ நடுங்கினாலோ தேனை ஈறில் தடவிவிட்டு உடனே எனக்கும் வைத்தியருக்கும் பேசவேண்டும். கடைசியாக, வைத்தியர் எனக்குச் சொன்னதைப் பையனைப் பத்துத் தடவை சொல்ல வைத்தேன்: போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால், போடாதே.

வெள்ளிக்கிழமை பகல் புறப்பட்டோம். லாத்தார் நெடுஞ்சாலை வழியாக வடக்கு நெடுஞ்சாலையைப் பிடித்து, தாப்பாவில் இறங்கி மலையேறினோம். லாத்தா இஸ்கந்தார் அருவி அருகில் நின்று, ஓராங் அஸ்லி கடையில் தேன் வாங்கினேன். ரிங்லெட் தாண்டியதும் குளிர் கன்னத்தைத் தொட்டது. கேமரன் என்ற வெள்ளைக்காரர் 1885-இல் அளந்துவிட்டுப் போன மலை. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. நம்மவர்கள் முதுகில் கூடை கட்டி ஏறிய சரிவுகளில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் கத்தரியோடும் இயந்திரத்தோடும் நிற்கிறார்கள். கணக்கப்பிள்ளை வேலையில் தம்பிபோல் சிலர் மிச்சம். தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தோம்சன் 1967-இல் உலாவப் போய்த் திரும்பாமலே மறைந்த காட்டைக் கடக்கும்போது, ‘இங்கே தொலைந்தால் துரைக்கு யார்?’ என்றுதான் எனக்குத் தோன்றிற்று. என் புத்தி அப்படி.

வெள்ளி மாலை ஊசி, சனி காலை ஊசி இரண்டும் ஒழுங்காக முடிந்ததாகச் செய்தி வந்தது. சனி மாலை தோட்டக் கோயில் மண்டபத்தில் மருமகளுக்கு மஞ்சள் பூசி, என் கையால் முதல் குடம் ஊற்றினேன். குளிரில் பெண் பல் கிட்ட நின்றாள். ஆரத்தித் தட்டைக் கையில் எடுத்தபோது கைப்பேசி அடித்தது. பையன். “டீச்சர், நான் பந்து விளையாடிட்டு இப்பத்தான் வந்தேன். பாட்டி ஊசி போட்டாங்களா இல்லையான்னு தெரியலையாம். காலண்டர்ல குறி இல்ல. போடவா?” அதோடு கோடு அறுந்துவிட்டது. மலையில் அப்படித்தான்.

தட்டைத் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடினேன். மண்டபத்துக்கு மேலே மேட்டில் ஏறினால் கோடு கிடைக்கும் என்றார்கள். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பாட்டி கோட்டைப் பார்க்காமல் தானே இழுத்துக் குத்தியிருந்தால்? பயன்படுத்திய ஊசிகளை எண்ணலாம் என்றால், மைலோ டின்னில் இரண்டு வாரத்து ஊசிகள் கிடக்கின்றன. புது ஊசிகளை எண்ணி நான்கு மட்டும் வைத்துவிட்டு வந்திருக்கலாம், பொட்டலத்தோடு வைத்திருந்தேன். என் தவறு.

நான்காவது முயற்சியில் பையன் கிடைத்தான். நான் வாயைத் திறக்குமுன் அவனே சொன்னான்: “சந்தேகம் வந்தா போடாதேன்னு சொன்னீங்கள்ல, டீச்சர். நான் போடல. சாப்பாடு வச்சேன், தின்னுச்சு. தேன் பாட்டிலோட உக்காந்திருக்கேன்.”

ஒரு வேளை ஊசி தவறினால் துரைக்குத் தாகம் எடுக்கும், அவ்வளவுதான். இரண்டு முறை விழுந்தால், அல்லது அளவு கூடினால், விடிவதற்குள் முடிந்துவிடலாம். அவனை இரவு பத்து வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். எனக்காக ஆரத்தியை நிறுத்தி வைத்திருந்தார்கள். தம்பி ஒன்றும் கேட்கவில்லை. அவன் மனைவி மட்டும், “பூனைக்கா அண்ணி?” என்றாள். “ஆமாம்” என்றேன். அவள் முகத்தில் என்ன தோன்றிற்று என்று நான் பார்க்கவில்லை. பத்தரைக்குச் செய்தி வந்தது: ‘துரை தூங்குது. பாட்டியும் தூங்குறாங்க.’

ஞாயிறு காலை ஊசியைப் பையன் கோட்டைப் பார்த்துச் சொல்ல, பாட்டி போட்டார். மணல் பெட்டி நனைந்து கட்டியாகியிருந்ததாம். ஆகவே சனி மாலை ஊசி விழவேயில்லை என்று தெரிந்து நிம்மதியானேன். தாப்பாவுக்கு இறங்கும் வழியெல்லாம் வண்டி நெரிசல். ஆறே முக்காலுக்கு வீட்டு வாசலில் கால் வைத்தேன். துரை சாய்வு நாற்காலியில் இருந்தபடி ஒரு கண்ணைத் திறந்து, எங்கே போயிருந்தாய் என்று விசாரித்துவிட்டு மூடிக்கொண்டது.

பாட்டி காசு வாங்க மாட்டேன் என்றார். இரண்டு பொட்டலம் தேயிலை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் நான் அவரைக் காப்பார் கிளினிக்குக்கு அழைத்துப் போய்க் கண்ணைக் காட்டச் சொன்னேன். புரை விழுந்திருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முறை வரும்வரை, காலையில் துரைக்கு ஊசி போட்டதும் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பாட்டியின் பேனாவைத் திருகிக் கொடுக்கிறேன்; மாலையில் பையன்.

பேச்சுவாக்கில் பாட்டி கேட்டார், “மின்மினி மின்மினின்னு சொல்றீங்களே டீச்சர், நானும் பாத்ததில்ல. கண்ணுல தெரியுமா?” இருட்டில் வெளிச்சம் தெரியத்தானே செய்யும் என்றேன். அவர் பேனா மடியில் வந்துவிடும், படகுத்துறையிலேயே போட்டுக்கொள்ளலாம். பையனும் வரவேண்டும், அவனை விட்டுவிட்டுப் போக முடியாது. அப்படியானால் அன்று மாலை ஏழுக்கு வீட்டில் துரைக்கு யார் போடுவது?

என் வீட்டுக்காரர் இந்த வாரம் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகிக்கொண்டிருக்கிறார். இன்னும் சுவரைத்தான் பார்க்கிறார்.